மாற்றிக் கொடுக்கும் கவுன்டர்

விளக்குத்தூண் பக்கம் நாலு மாடிக் கடை.
மூன்றாம் மாடியில்
லிஃப்டுக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவே என் மேஜை.
விற்பது என் வேலை இல்லை.
விற்றது திரும்பி வந்தால் வாங்கி வைப்பது.

ஏழு நாளைக்குள் வர வேண்டும்.
பில் வேண்டும்.
அட்டை அறுந்திருக்கக் கூடாது.
உடுத்தியிருக்கவே கூடாது.

உடுத்தியதை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று
சேர்ந்த அன்று கேட்டார் சூப்பர்வைசர் குபேந்திரன்.
முகர்ந்து பார்ப்பேன் என்றேன்.
சிரித்தார்.
மூன்று வருஷமாக அதைத்தான் செய்கிறேன்.
கக்கத்தில் பவுடர், காலரில் விபூதி,
பையில் திருமங்கலம் பஸ் டிக்கெட்,
ஒருமுறை தோலோடு ஒற்றை வேர்க்கடலை.
குண்டூசியைக்கூடப் பழைய ஓட்டையிலேயே
குத்திக்கொண்டு வருவார்கள், பாவம்.
மனிதர்கள் சொல்வதைச்
சட்டை ஒத்துக்கொள்வதில்லை.

ஒரே நீலத்தில் அறுபது சட்டை வந்து இறங்கும்.
முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்திரண்டு.
ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து
பெட்டிக்குள் தூங்கும்.
ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை வைத்தால்
அதற்கே தெரியாது.
எந்த நிமிஷத்தில் அது
ஒருத்தருடையதாகிறது?
பணம் கட்டும்போது இல்லை.
அதை நான் தினமும் ரத்து செய்கிறேன்.

தீபாவளி கழிந்து ஐந்தாம் நாள்
ஒச்சம்மா வந்தார்.
பில்லில் அந்தப் பெயர், செக்கானூரணி.
"நாப்பத்திரண்ட வச்சுக்கிட்டு
முப்பத்தெட்டு குடு தாயி."

அட்டை அப்படியே இருந்தது.
குண்டூசி ஐந்தும் இருந்தன.
முகர்ந்தேன், கடை வாசம்தான்.
காலரைத் திருப்பினேன்.
உள் ஓரத்தில்
சுண்டுவிரல் நுனி அளவுக்கு மஞ்சள்.

"போட்டாரா?"

"போடல. பெரியாஸ்பத்திரில நாப்பது நாளு கெடந்து
பண்டிகைக்கு மொத நாத்தான் வந்தாக.
நாம்பாட்டுக்குப் பழைய ஒடம்புக்கு எடுத்துப்புட்டேன்.
சாமிகிட்ட வச்சு மஞ்சத் தடவிட்டு
தூங்குறப்ப மேல போட்டு அளந்து பாத்தேன்.
ஆளு உள்ளுக்க எங்க இருக்காகன்னு தெரியல."

குபேந்திரன் சாப்பிடப் போயிருந்தார்.
அலமாரியிலிருந்து முப்பத்தெட்டை எடுத்தேன்.
அதே நீலம், அதே பட்டன்.
மஞ்சள் பட்டதைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிடலாம்,
யார் கேட்கப் போகிறார்கள்.
கம்ப்யூட்டரில் 'காரணம்' என்ற கட்டத்தில்
'கறை' என்று தட்டினேன்.
தட்டும்போது வாய்விட்டுச் சொல்வது என் பழக்கம்.

"கறையா?"
என்றார் ஒச்சம்மா.

கோபமாகச் சொல்லவில்லை.
நான் ஏதோ பெயரைத் தப்பாக வாசித்ததுபோல் பார்த்தார்.
பிறகு முப்பத்தெட்டைத் தொடாமல்
நாற்பத்திரண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.
"கத்திரி இருக்கா?"

கொடுத்தேன்.
விலை அட்டையை அறுத்தார்.
குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி
என் மேஜையில் வரிசையாக வைத்தார்.
காலருக்குள் இருந்த பிளாஸ்டிக்கை, முதுகு அட்டையை
உருவிப் போட்டார்.
சட்டை தொளதொளவென்று
ஒரு துணியாகக் கையில் விழுந்தது.

"பெருசாவே இருக்கட்டும் தாயி.
ஒடம்பு தேறி வந்துரும்."
லிஃப்ட் திறந்தே நின்றது.
படியில் இறங்கிப் போனார்.

எங்கள் நாற்பது பேருக்கும் ஒரே அரக்குச் சேலை.
இரவு உடை மாற்றும் அறையில்
ஒரே கொடியில் தொங்கும்.
என்னுடையதைக் காலையில் ஜெயமேரிதான் எடுத்து வீசுவாள்,
முந்தியில் பட்ட சாம்பாரைப் பார்த்து.
இரண்டு மாதமாகத் துவைத்தும் போகவில்லை.
இப்போது அழுத்தித் தேய்ப்பதில்லை.

காரணம் எழுதாமல் கம்ப்யூட்டர் மூடாது.
'கறை'யை அழித்தேன்.
பின்னால் சுடிதாரோடு ஒருத்தி, அவளுக்குப் பின்னால் ஆறு பேர்.
முப்பத்தெட்டை மடித்துக்கொண்டே
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
'அளவு சரியாக இருந்தது'
என்று தட்டினேன்.